மாடு விற்ற வீடுகளை எண்ணுங்கள்: கொங்கு ஊர்களில் பராமரிப்பு குறைந்த வீடுகளுக்குத் தேவை இருக்கிறதா என்று கண்டறிய ஒரு வழிகாட்டி

"ஊரில் அரை ஏக்கர் சும்மா கிடக்கிறது. பத்து சின்ன வீடு கட்டிப் போட்டால் ஓடுமா?" என்று இப்போது பலர் கேட்கிறார்கள். கேட்பவர் பெரும்பாலும் கோவையிலோ பெங்களூரிலோ வேலையில் இருப்பவர். அப்பா அம்மா தோட்டத்துச் சாளையில் தனியாக இருப்பார்கள். அந்தப் பெரிய ஓட்டு வீட்டைக் கட்டிக்கொண்டு அவர்கள் படும் பாட்டைப் பார்த்து, நம் ஊரில் இப்படி நூறு பேராவது இருப்பார்கள் என்று மனக்கணக்குப் போட்டிருப்பார். நூறு பேர் இருப்பது உண்மைதான். அந்த நூறு பேரும் வீடு மாறுவார்கள் என்கிற இடத்தில்தான் கணக்கு உதைக்கும்.

நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். காங்கயம் பக்கத்துக் கிராமங்களில் படிவம் அச்சடித்துக் கொடுத்து, "பராமரிப்பு குறைந்த வீடு கட்டினால் வாங்குவீர்களா?" என்று கேட்டேன். முக்கால்வாசிப் பேர் ஆமாம் என்று டிக் போட்டார்கள். சில மாதம் கழித்து வரைபடத்தோடு போனபோது ஒருவரும் அசையவில்லை. அவர்கள் பொய் சொன்னதாக நினைக்க மாட்டேன். நம் பக்கத்தில் வாசலுக்கு வந்தவனிடம் முகத்துக்கு நேரே வேண்டாம் என்று சொல்கிற பழக்கம் கிடையாது. "கட்டுங்க, பாத்துக்கலாமுங்க" என்பார்கள். அது மரியாதைக்குச் சொல்வது. அதைச் சம்மதமாக எழுதிக்கொண்டது என் தப்பு. அப்புறம் கற்றுக்கொண்டதை இங்கே வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில், எந்த வேலை குறைய வேண்டும்?

'பராமரிப்பு குறைந்த வீடு' என்று சொன்னால் ஊரில் யாருக்கும் ஒன்றும் புரியாது. வேலைகளைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். வருஷத்துக்கு ஒரு தடவை ஓடு மாற்றுவது. இப்போது மயில்கள் கூரையில் குதித்து ஓட்டை உடைப்பதால் இரண்டு தடவைகூட ஆகிறது, அதற்கு ஏறத் தெரிந்த ஆளும் கிடைப்பதில்லை. பொங்கலுக்கு வெள்ளையடிப்பது. பெரிய வாசலைக் காலையில் கூட்டித் தெளிப்பது. மோட்டார் போட்டுத் தொட்டி நிறைக்கும் வரை காத்திருப்பது. உப்புத் தண்ணீரால் மாதத்துக்கு ஒரு குழாய் அடைத்துக்கொள்வது. கதவு நிலவுக்காலில் கரையான் ஏறுவது. இவற்றில் எது அவர்களை வாட்டுகிறது என்று தெரிந்தால்தான் எந்த மாதிரி வீட்டுக்குத் தேவை என்று சொல்ல முடியும்.

ஒன்றைக் கவனித்தேன். ஆண்கள் கூரை, மோட்டார், பெயின்ட் என்று சொல்வார்கள். பெண்கள் படி, பொடக்காலி (வீட்டுப் புழக்கடை), வாசல் என்று சொல்வார்கள். இரண்டையும் தனித்தனிப் பக்கத்தில் எழுதுங்கள்.

எல்லை போடுவது

பஞ்சாயத்து எல்லையையோ பின்கோடு எல்லையையோ எடுத்துக்கொள்ள வேண்டாம். இங்கே வருவாய்க் கிராமம் என்பது பத்துப் பதினைந்து பாளையங்களும் வலசுகளும் புதூர்களும் என்று சிற்றூர்கள் சேர்ந்தது. வீடுகள் ஊருக்குள் கொஞ்சம், தோட்டத்துக்குள் கொஞ்சம் என்று சிதறிக் கிடக்கும். எழவு கேட்கப் போகிற தூரத்தைத்தான் நான் எல்லையாக வைத்துக்கொள்கிறேன். யார் வீட்டில் எழவு என்றாலும் தவறாமல் போய் உட்கார்ந்துவிட்டு மத்தியானத்துக்குள் திரும்பிவிடுகிற தூரம் எதுவோ அதற்குள்தான் வயதானவர்கள் வீடு மாறுவார்கள். பங்காளிகள், கோயில், சந்தை, பால் சொசைட்டி எல்லாம் அதற்குள்தான் இருக்கும். நான் பார்த்த இடங்களில் இது பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டருக்கு மேல் போனதில்லை. அந்த வட்டத்துக்கு வெளியே கட்டினால் கோவையில் அடுக்குமாடி கட்டுவதற்கும் அதற்கும் வித்தியாசம் இல்லை. அவர்களுக்கு இரண்டுமே வேற்றூர்தான்.

காகிதத்தில் பார்ப்பது

இது ஒரு வாரத்து வேலை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 60 வயது தாண்டியவர்கள் 10.4 சதவீதம். நாடு முழுக்க 8.6 சதவீதம்தான். இந்த எண்ணை எடுத்து உங்கள் ஊர் மக்கள்தொகையோடு பெருக்கிவிட்டு உட்கார்ந்துவிடாதீர்கள். எண் பழையது, மாநிலம் முழுமைக்குமானது. ஊர்வாரிப் பட்டியலில் எத்தனை வீடு, எத்தனை ஆண் பெண், எத்தனை பேர் உழவர், எத்தனை பேர் கூலி என்று கிடைக்கும். முதியவர் எத்தனை பேர் என்பது அதில் இருக்காது.

அதற்கு வாக்காளர் பட்டியல் உதவும். பாகம் வாரியாக வயதும் வீட்டு எண்ணும் இருப்பதால், 60 தாண்டியவர்கள் மட்டுமே இருக்கும் வீடுகளை எண்ணிவிடலாம். எண்ணிக்கையை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள், பெயர்களை எழுதிவைக்க வேண்டாம். இதிலும் ஒரு பொறி உண்டு. பெங்களூரில் குடியிருக்கும் மகனுக்கும் மருமகளுக்கும் ஓட்டு இன்னும் ஊரில்தான் இருக்கும். பட்டியலைப் பார்த்தால் வீடு நிறைய ஆள் இருப்பதுபோல் தெரியும். போய்ப் பார்த்தால் ஒரு அப்பாரும் ஒரு அப்பத்தாவும் மட்டும் இருப்பார்கள். அதனால் ரேஷன் கடைக்காரர், தபால்காரர், கிராமச் செவிலியர் ஆகியோரிடம் பொதுவாகக் கேட்டுச் சரிபாருங்கள். மக்களைத் தேடி மருத்துவம் 2021-ல் வந்த பிறகு சர்க்கரை, ரத்தக்கொதிப்பு மாத்திரை கொடுக்க வீடு வீடாகப் போகிறவர்களுக்கு எந்தத் தோட்டத்தில் யார் தனியாக இருக்கிறார்கள் என்று தெரியும். யாருக்கு என்ன நோய் என்று கேட்டுவிடாதீர்கள். கேட்பதும் தப்பு, சொல்வதும் தப்பு. "இந்தப் பக்கம் தனியா இருக்கிற பெரியவங்க வீடு ஒரு பத்து இருக்குமுங்களா?" என்ற அளவு போதும்.

நடந்து பார்ப்பது

பால் சொசைட்டிக்குக் காலையில் போய் நில்லுங்கள். மூன்று வருஷம் முன்பு யார் யார் பால் ஊற்றினார்கள், இப்போது யார் நிறுத்திவிட்டார்கள் என்று செயலாளரிடம் பேச்சுவாக்கில் கேளுங்கள். படிவத்தைவிட இதுதான் எனக்கு உண்மையைச் சொன்னது.

காரணம் இதுதான். கட்டுத்தரையில் ஒரு மாடு இருக்கிற வரைக்கும் அந்த வீட்டுக்காரர் எங்கேயும் போக மாட்டார். விடியக் கறக்க வேண்டும், பொழுதோடு கறக்க வேண்டும், சோளத்தட்டு வெட்டிப் போட வேண்டும். மகளின் வளைகாப்புக்குப் போனாலும் மத்தியானமே திரும்பிவிடுவார். கடைசி மாட்டை விற்ற அன்றைக்குத்தான் அந்த வீட்டில் ஏதோ ஒன்று முடிகிறது. அதற்கு அடுத்த ஒன்றிரண்டு வருஷத்தில் தோட்டத்தைக் குத்தகைக்கு விடுவதோ, டவுனில் வாடகைக்குப் பார்ப்பதோ, மகன் வீட்டுக்குப் போய் இருந்து பார்த்துவிட்டுத் திரும்பி வருவதோ நடக்கும். அதனால் நான் மூன்று கட்டமாக எண்ணுகிறேன்: மாடு இருக்கும் வீடு, மாடு விற்ற வீடு, மாடும் விற்றுத் தோட்டமும் குத்தகைக்கு விட்ட வீடு. உங்கள் வாடிக்கையாளர் மூன்றாவதில் இருக்கிறார். இரண்டாவது ஒன்றிரண்டு வருஷம் கழித்து வரும். முதலாவதை விட்டுவிடுங்கள்.

இதோடு, ஏற்கெனவே மாறிவிட்டவர்களையும் எண்ணுங்கள். பக்கத்து டவுனில் வாடகைக்கோ போக்கியத்துக்கோ வீடு பிடித்திருக்கும் வயதான தம்பதிகள் எத்தனை பேர்? ஊருக்குள் பழைய வீட்டின் ஒரு பகுதியை மட்டும் இடித்து, பாத்ரூம் ஒட்டிய ஒரு தார்சு (கான்கிரீட் கூரை) அறை கட்டிக்கொண்டவர்கள் எத்தனை பேர்? கையைவிட்டுப் பணம் போட்டவர்கள் இவர்கள். ஆமாம் என்று டிக் போட்ட ஐம்பது பேரைவிட இப்படி ஐந்து பேர் எனக்குப் பெரிய ஆதாரம்.

முதியவர்களை மட்டும் பார்த்துக்கொண்டு இன்னொரு கூட்டத்தை விட்டுவிடுவது புதியவர்கள் செய்யும் தப்பு. பள்ளிக்கூட ஆசிரியர்கள், ஆரம்ப சுகாதார நிலையச் செவிலியர்கள், வங்கி ஊழியர்கள், மில் சூப்பர்வைசர்கள் இவர்களுக்கெல்லாம் ஊருக்குள் நல்ல வாடகை வீடு கிடைப்பதில்லை. லைன் வீடுகள் இருக்கின்றன, அவை பெரும்பாலும் வடக்கிலிருந்து வந்த தொழிலாளர்களால் நிறைந்துவிட்டன. இந்தக் கூட்டம் வாங்காது, ஆனால் மாதம் தவறாமல் வாடகை கொடுக்கும்.

பேசுவது

இதற்கு நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு மூன்று வீட்டுக்கு மேல் போனால் எதுவும் தேறாது. பால் கறக்கும் நேரத்தில் போகாதீர்கள், வெயில் ஏறிய பிறகு பத்து மணிக்குமேல் போங்கள். தெரிந்தவர் ஒருவரோடு போங்கள். சில ஆண்டுகளாகத் தோட்டத்து வீடுகளில் தனியாக இருந்த பெரியவர்கள் தாக்கப்பட்ட செய்திகள் இந்தப் பக்கத்தில் அடிக்கடி வந்திருக்கின்றன. முன்பின் தெரியாத ஆள் வந்து "வீட்ல எத்தன பேர் இருக்கறீங்க? ராத்திரி யாரு தொணைக்கு?" என்று கேட்டால் அவர்கள் பயப்படுவார்கள், பயப்படுவதுதான் சரி. அந்த இரண்டு கேள்விகளையும் நீங்கள் கேட்கவே கூடாது. அவர்களாகச் சொன்னால் கேட்டுக்கொள்ளலாம்.

ஒரு வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். ஆசாரத்தில் (முன்கூடத்தில்) கட்டில் போட்டு உட்கார்ந்திருந்தார் பெரியவர். நான் விஷயத்தைச் சொன்னதும், "நமக்கென்னங்க தம்பி கொற? இந்தக் காத்து, இந்தத் தண்ணி டவுன்ல வருமுங்களா? இத விட்டுப்போட்டு எங்க போறது?" என்றார். சரி, இது தேறாது என்று நோட்டை மூடினேன். காப்பி குடித்த டம்ளரைக் கழுவலாம் என்று பின்பக்கம் போனபோது அத்தை, பெரியவரின் மனைவி, வந்தார். "வெய்யி கண்ணு, நாங் கழுவிக்கறேன்" என்று வாங்கிக்கொண்டவர், குரலைத் தாழ்த்தி, "இந்தப் படியப் பாத்தீங்களா? மூணு படி எறங்கித்தான் பொடக்காலிக்குப் போகோணும். ராத்திரில ரெண்டு தடவ. போன ஐப்பசி மழைல வழுக்கி உளுந்து கையி ஒடஞ்சுது. அவருகிட்டச் சொன்னா, பாத்துப் போகோணும்ங்கறாரு. அங்கெல்லாம் படி இல்லாமக் கட்டுவீங்களா?" என்றார்.

ஒரே வீடு, இரண்டு பதில். முன்பக்கம் கேட்டதை மட்டும் எழுதியிருந்தால் 'தேவை இல்லை' என்று போட்டிருப்பேன். அதற்கப்புறம் எந்த வீட்டுக்குப் போனாலும் ஒரு பெண்ணையும் கூட்டிக்கொண்டு போகிறேன். அவர் சமையற்கட்டில் உட்கார்ந்து பேசுவார், நான் ஆசாரத்தில்.

கேட்க வேண்டியதெல்லாம் நடந்ததைப் பற்றியதாக இருக்கட்டும். போன வருஷம் வீட்டுக்கு என்னென்ன ரிப்பேர் செய்தீர்கள்? யாரைக் கூப்பிட்டீர்கள், எத்தனை நாளில் வந்தார்? எவ்வளவு கொடுத்தீர்கள்? கடைசியாக ஆஸ்பத்திரிக்கு எப்படிப் போனீர்கள்? மகன் வீட்டில் கடைசியாக எத்தனை நாள் இருந்தீர்கள், ஏன் திரும்பினீர்கள்? இந்தக் கடைசிக் கேள்விக்கு வரும் பதில்தான் உங்கள் வீட்டின் வரைபடம். "அங்க பேசறதுக்கு ஆளில்லீங்", "கதவச் சாத்துனாச் சாத்துனதுதான்", "எழவுக்கு வரோணும்னா ஒரு நாளாகுது" என்று வரும்.

பெயரிலும் கவனம் வேண்டும். முதியோர் குடியிருப்பு என்ற வார்த்தையை எடுத்தாலே பேச்சு நின்றுவிடும். மகன் கைவிட்டுவிட்டான் என்று ஊர் பேசுமே என்ற பயம். ஊருக்குள் சின்ன வீடு என்று சொல்லுங்கள். 'சின்ன வீடு' என்பதற்கு வேறு அர்த்தமும் இருப்பதால் சிரிப்பார்கள், சிரித்தால் பேச்சு இலகுவாகிவிடும்.

இன்னொரு கேள்வி அவர்களிடமிருந்து வரும்: "பக்கத்து வீட்ல யாரு வருவாங்க?" எதைக் கேட்கிறார்கள் என்று உங்களுக்கும் தெரியும். இன்ன சாதிக்குத்தான் என்று ஒரு வார்த்தை சொன்னால் வேலை சுலபமாகும் என்று உங்களுக்கு ஆலோசனை சொல்ல ஆட்கள் இருப்பார்கள். நான் முதல் நாளே, யார் வேண்டுமானாலும் வரலாம் என்று சொல்லிவிடுகிறேன். அதைக் கேட்டு விலகுபவர்களை எண்ணிக்கையிலிருந்து எடுத்துவிடுகிறேன். பிற்பாடு விலகுவதைவிட இப்போதே விலகுவது கணக்குக்கு நல்லது.

பிள்ளைகளிடம் பேசுவது

வாழப்போவது பெற்றோர் என்றாலும் முடிவு பிள்ளைகளோடு போனில் நடக்கும். ஞாயிற்றுக்கிழமை மகனிடமும் மகளிடமும் தனித்தனியாகப் பேசுங்கள். பணம் எங்கிருந்து வரும் என்று அங்கேதான் தெரியும். தோட்டத்தை விற்று வாங்குவார்கள் என்று நினைக்காதீர்கள், விற்க மாட்டார்கள். குத்தகைப் பணம், தேங்காய்ப் பணம், மகன் அனுப்புவது இவைதான் கையில் இருக்கும். அதனால் முழு விலைக்கு வாங்குகிறவர், போக்கியத்துக்கு வருகிறவர், மாத வாடகைக்கு வருகிறவர் என்று மூன்றாகப் பிரித்து எழுதுங்கள். இந்தியக் குடியுரிமையை வைத்துக்கொண்டு வெளிநாட்டில் வசிக்கும் பிள்ளைகளுக்கு ஒரு விவரம் பயன்படும்: அவர்கள் இங்கே விவசாய நிலம் வாங்க முடியாது, குடியிருப்பு வீடு வாங்கலாம்.

மாதப் பராமரிப்புக் கட்டணம் பற்றி வெளிப்படையாகக் கேளுங்கள். வீட்டு விலையில் லட்சத்தை விட்டுக்கொடுப்பவர்கள்கூட மாதக் கட்டணத்தில் நூறு ரூபாய்க்குக் கணக்குக் கேட்பார்கள்.

கணக்கு

ஒரு உதாரணம் போட்டுக் காட்டுகிறேன், எண்கள் வெறும் உதாரணத்துக்குத்தான். உங்கள் வட்டத்தில் 800 வீடு. அதில் முதியவர்கள் மட்டும் இருப்பது 120. மாடு விற்றுக் குத்தகைக்கும் விட்டது 40. அதில் வீட்டுக்காரர், வீட்டுக்காரம்மா இருவரும் தனித்தனியாகச் சரி என்றது 14. பிள்ளைகளும் தலையாட்டியது 6. அடுத்த ஒன்றரை வருஷத்துக்குள் மாறுவதற்கு ஒரு காரணம், அதாவது அறுவை சிகிச்சை, குத்தகை முடிவு, கூரை ஒழுகல் இப்படி ஏதாவது ஒன்று இருப்பது 3. ஆக 3 வீட்டுக்குத்தான் இப்போது தேவை இருக்கிறது. 120 என்று நினைத்துப் பத்து வீடு கட்டியவர் ஏழு வீட்டை வெறுமனே பூட்டிவைத்து அதற்கும் கரையான் மருந்து அடித்துக்கொண்டிருப்பார்.

தண்ணீர், காற்று, சத்தம்

தேவை இருந்தும் இடம் கெடுத்துவிடும். கீழ்பவானி வாய்க்கால் ஓரத்தில் வாய்க்காலில் தண்ணீர் விட்டிருக்கும்போது கிணற்றைப் பார்த்து ஏமாறாதீர்கள்; வாய்க்கால் அடைத்த பிறகு கோடையில் போய்ப் பாருங்கள். போர்த் தண்ணீரைக் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கொடுத்துச் சோதியுங்கள். உப்பு அதிகமாக இருந்தால் குழாயும் ஹீட்டரும் மாற்றி மாற்றியே 'பராமரிப்பு குறைந்த' என்ற வார்த்தை பொய்யாகிவிடும். நொய்யலின் கீழ்ப்பகுதியில், ஒரத்துப்பாளையம் அணைப் பக்கம், சாயக்கழிவால் கிணறுகள் கெட்ட கதை எல்லோருக்கும் தெரியும். அங்கே கூடுதல் கவனம் வேண்டும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று நேராக அடிக்கும் உடுமலை, பல்லடம் பக்கங்களில் ஆடி மாதம் ஒரு முறை இடத்தில் போய் நில்லுங்கள். மேற்குப் பார்த்த வாசல் வைத்தால் நாள் முழுக்க மண் கூட்ட வேண்டியிருக்கும். பக்கத்தில் விசைத்தறிக் கூடம் இருந்தால் ராத்திரியில் போய் நில்லுங்கள்.

அட்வான்ஸ் வாங்காதீர்கள்

ஆர்வம் உண்மையா என்று பார்க்கப் பத்தாயிரம் டோக்கன் வாங்கலாமே என்று தோன்றும். வேண்டாம். அரை ஏக்கர் என்பது ஏறக்குறைய 2,000 சதுர மீட்டர். நிலம் 500 சதுர மீட்டருக்கு மேல், வீடுகள் 8-க்கு மேல் என்றால், 2016-ம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டப்படி தமிழ்நாடு ரெரா ஆணையத்தில் பதிவு செய்யாமல் விளம்பரம் செய்வதோ முன்பதிவு வாங்குவதோ கூடாது. அதைவிடச் சிறியதாகத் தொடங்கினால் உங்களுக்குப் பதிவு தேவையா என்று வக்கீலிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். மனைப்பிரிவுக்கு நகர் ஊரமைப்புத் துறையின் அனுமதி வேண்டும். பஞ்சாயத்துத் தலைவர் "நான் பாத்துக்கறேன்" என்பது அனுமதி ஆகாது. ஊராரிடம் வெளிப்படையாகச் சொல்ல கிராம சபை நல்ல இடம். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருஷத்துக்கு ஆறு கூட்டம் இருக்கிறது. அங்கே வரும் எதிர்ப்பும் உங்களுக்குத் தகவல்தான்.

ஒரே ஒரு வீடு

பணம் வாங்காமல் ஆர்வத்தை எப்படிச் சோதிப்பது? ஊருக்குள் பூட்டிக் கிடக்கும் ஒரு தார்சு வீட்டை வாடகைக்குப் பிடியுங்கள். படியை எடுத்துவிட்டுச் சரிவு வையுங்கள். பாத்ரூமை உள்ளே கொண்டுவந்து வழுக்காத டைல்ஸ் போடுங்கள். தொட்டி நிறைந்தால் தானாக நிற்கும் மோட்டார் சுவிட்ச், துருப்பிடிக்காத ஜன்னல், வாசலுக்குக் கல். கணக்கில் கடைசியாக நின்ற அந்த மூன்று வீட்டில் ஒருவரை, வீட்டு உரிமையாளரின் சம்மதத்தோடு, பதினோரு மாத ஒப்பந்தத்தில் குடிவையுங்கள். வாடகை வாங்கிக்கொள்ளுங்கள், சும்மா கொடுத்தால் சோதனை செல்லாது. ஒரு ஆடிக் காற்றும் ஒரு ஐப்பசி மழையும் அதில் கழியட்டும். என்ன ரிப்பேர் வந்தது, யார் சரிசெய்தார், என்ன செலவு என்று நோட்டில் எழுதுங்கள்.

அந்தப் படி வழுக்கிய அத்தை இப்படித்தான் ஒரு வீட்டுக்கு வந்தார். பெரியவர் முதல் வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. இரண்டாவது வாரத்திலிருந்து காலையில் டிவிஎஸ் எக்ஸெல்லை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போய்விட்டு, மத்தியானச் சாப்பாட்டுக்கு வண்டியின் முன்னால் தேங்காய் மூட்டையோடு திரும்பினார். மூட்டையை இறக்க இடமில்லாமல் படுக்கையறையில் கொண்டுபோய் வைத்தார். அதனால் இப்போது நான் போடும் எல்லா வரைபடத்திலும் முன்பக்கம் வண்டி நிறுத்த ஒரு கூரையும், மூட்டை இறக்க முழங்கால் உயரத்தில் ஒரு திண்ணையும் இருக்கிறது.